பழைய துவக்குக்கும் ரவை செய்யுங்கள்: தோட்டா தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்டா தயாரிப்பாளர்களுக்கு,

வேட்டைக்கான ரவை செய்து கனடாக் கடைகளுக்கு அனுப்புகிற எல்லா நிறுவனங்களுக்கும் இதை எழுதுகிறேன். குறிப்பாக, அடுத்த வருடம் எந்த அளவு ரவையை எத்தனை பெட்டி செய்வது என்று முடிவெடுக்கிற மேசையில் இருப்பவர்கள் இதை வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கி உங்களில் சிலருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். தமிழில் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வட ஒன்ராறியோவில் என்னோடு காட்டுக்கு வருகிற நாலைந்து பேரும் தமிழர்கள். எங்கள் கையில் இருப்பதெல்லாம் வயதானவர்களிடமிருந்து கைமாறி வந்த பழைய துவக்குகள். இதே சிரமம் உள்ள மற்றவர்களும் உங்களுக்கு எழுத வேண்டும், அதற்காகத்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழைய அளவு ரவைகளை வருடத்தில் ஒரு தடவையாவது செய்யுங்கள். எப்போது செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

என்னுடையது லீ-என்பீல்ட் நம்பர் 4, .303 அளவு ரவை சுடுவது. அதன் இடப்பக்க இரும்பில் 'லோங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கிறது. ஒன்ராறியோ ஏரிக் கரையில், இன்று மிசிசாகா நகரத்துக்குள் வந்துவிட்ட லோங் பிராஞ்ச் ஆலையில் இரண்டாம் உலகப்போர் காலத்தில் செய்தது. 1941இல் தொடங்கி 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 துவக்குகள் அங்கே செய்யப்பட்டன. அவற்றைச் செய்தவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். அந்த ஆலையின் ஒரு கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது அது கலைக்கூடம். ரொறன்ரோப் பக்கம் இருந்த காலத்தில் பல வருடம் அந்த வீதியால்தான் வேலைக்குப் போய் வந்தேன். அங்கே செய்த சாமான் ஒருநாள் என் வீட்டுப் பெட்டகத்துக்குள் இருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்தது வன்னியில். அங்கே எனக்குத் தெரிந்த துவக்கு இரண்டு விதம். ஒன்று மாமா வைத்திருந்த இடியன். குழல் வாயால் மருந்தைப் போட்டு இடித்து நிரப்புகிற துவக்கு, பன்றிக்குக் காவல் இருக்கப் போகும்போது மட்டும் வெளியே வரும். மற்றது மனிசரைச் சுட வந்தது. அந்த இரண்டாவதைப் பார்த்த பயத்தில், கனடாவுக்கு வந்து கனகாலம் துவக்கு இருக்கிற வீட்டுப் பக்கமே நான் போனதில்லை.

அதை மாற்றியவர் சட்பரியில் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர். பின்லாந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். நிக்கல் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். நாங்கள் குடிவந்த முதல் கார்த்திகை மாதம், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியை வாசலில் கொண்டுவந்து தந்தார். மனைவி அதைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டல் கறியாக்கிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தா. அடுத்த வருடம் இன்னும் பெரிய பொதி வந்தது. இப்படித்தான் பழக்கம் தொடங்கியது. பிறகு துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டைக்காரர் வகுப்பு, அனுமதி அட்டை எல்லாம் முறைப்படி எடுத்து அவரோடு காட்டுக்குப் போனேன்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. காட்டுக்குப் போக முதல் இருபது ரவை சுட வேண்டும். நூறு மீற்றரில் ஒரு கடதாசிச் சாப்பாட்டுத் தட்டு. நிலத்தில் இருந்தபடி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறுதலாக மூச்சு விட்டு, இருபதும் அந்தத் தட்டுக்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்த வருடம் எனக்கு முகாமில் சமைக்கிற வேலை மட்டும்தான். முதல் வருடம் நான் சமைத்தேன். இரண்டாம் வருடமும் சமைத்தேன். மூன்றாம் வருடம் தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் தோளில் தட்டினார்.

ஒரு பெட்டியில் இருபது ரவை. அதாவது அவருடைய பரீட்சை என்பது சரியாக ஒரு பெட்டி. 2014இல் அந்தப் பெட்டியை நான் 27 டொலருக்கு வாங்கினேன். ஆவணியில் போனால் கடைத் தட்டில் மூன்று நான்கு நிறுவனங்களின் .303 அடுக்கியிருக்கும். பரீட்சைக்கு ஒரு பெட்டி, பழகுவதற்கு இரண்டு பெட்டி, காட்டுக்கு ஒன்று. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே பாரம், முடிந்தால் ஒரே தொகுதி இலக்கம். போன வருடம் அதே பெட்டிக்கு 68 டொலர் கொடுத்தேன். அதுகூடக் கடைக்காரர் எனக்காக உள்ளே எடுத்து வைத்திருந்த ஒரேயொரு பெட்டி.

விலை ஏறினால் ஒரு வேட்டைக்காரன் எதைக் குறைப்பான் என்று நினைக்கிறீர்கள்? வேட்டையைக் குறைக்க மாட்டான். ஒரு மானுக்கு ஒன்றோ இரண்டோ ரவை போதும், அது யாருக்கும் கட்டுப்படியாகும். அவன் குறைப்பது தட்டுக்குச் சுடுகிற இருபதைத்தான். கடதாசியில் 68 டொலரைச் சுட்டுத் தள்ள யாருக்கு மனம் வரும்? நான் குறைத்தேன். அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2021, நவம்பர். அந்த வருடம் ஆவணியிலிருந்தே .303 தேடி அலைந்தேன். சட்பரியில் ஒன்றும் இல்லை. நோர்த் பே வரை போனேன். கடைசியில் கிடைத்தது 150 கிரெய்ன் பாரமுள்ள சன்னம், அதாவது பறந்து போய்ப் படுகிற தலைப்பாகம், போட்ட ஒரேயொரு பெட்டி. என் துவக்கின் குறி நான் வழக்கமாக வாங்கும் வேறொரு நிறுவனத்தின் 180 கிரெய்னுக்குச் சரிசெய்தது. வாசிக்கிறவர்களில் துவக்குப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சன்னத்தின் பாரம் மாறினால், மருந்து மாறினால், அது போய் விழுகிற இடமும் மாறும். பழைய லீ-என்பீல்டில் இது இன்னும் கூட. ஆகவே புதுப் பெட்டி என்றால் திரும்பவும் முதலிலிருந்து குறி பார்க்க வேண்டும்.

நான் இரண்டே இரண்டு சுட்டேன். ஒன்று தட்டுக்கு இடப்பக்கம் கீழே, மற்றது அதற்கும் சற்றுக் கீழே. இனி மூன்றாவது, நான்காவது என்று சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்தியிருக்க வேண்டும். பெட்டியில் பதினெட்டு மிச்சம். இதை விட்டால் அடுத்த வருடத்துக்கும் கிடைக்குமோ என்ற நினைப்பு. கொஞ்சம் மேலே பிடித்தால் சரிவரும் என்று பெட்டியை மூடினேன். பெரியவர் அப்போது இல்லை, 2019இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் என்னைச் சமைக்க விட்டிருப்பார்.

தொண்ணூறு மீற்றர் இருக்கும். வெள்ளைவால் மான், வலப்பக்கம் பார்த்தபடி நின்றது. மேலே பிடித்தேன். சன்னம் மேலே சரியாகத்தான் போனது, ஆனால் இடப்பக்கமாகப் போனது. முன்னங்காலுக்குப் பின்னால் விழ வேண்டியது வயிற்றில் விழுந்தது. நெஞ்சில் பட்ட மான் பாய்ந்து ஓடி விழும். இது ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து மரங்களுக்குள் போனது. அந்த நடையைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காய்ந்த இலைகளில் இரத்தம் கொஞ்சம், பச்சையாக வயிற்றுச் சாறு கொஞ்சம். இருட்டும்வரை குனிந்து குனிந்து இலை இலையாகத் தேடிப் போனேன். சூரியன் மறைந்து அரை மணி கழிந்தால் இங்கே வேட்டை முடிந்தது, துவக்கில் ரவை இருக்கக்கூடாது. கழற்றி உறையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இரவு நித்திரை இல்லை. மறுநாள் விடிய, ஒரு சேற்று நிலத்தில் சீடர் மரங்களுக்கு அடியில் கண்டுபிடித்தேன். கொயோட்டிகள் என்ற காட்டுநாய்கள் எனக்கு முதலே வந்துவிட்டன. இறைச்சியில் எடுக்கக்கூடியது ஒன்றும் இல்லை.

பிழை என்னுடையது. அதை வேறு ஒருவர் தலையிலும் கட்ட மாட்டேன். குறி பாராமல் காட்டுக்குப் போனவன் நான். ஆனால் என்னைப்போல எத்தனை பேர் அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு ரவையோடு பெட்டியை மூடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரவைத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் டொலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கூனிக்கொண்டு நடந்துபோகிற மானைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

தட்டுப்பாட்டுக்கான காரணங்கள் எனக்கு ஓரளவு தெரியும், உங்கள் பக்கத்துச் சிரமமும் விளங்கும். 2020இல் அமெரிக்காவில் துவக்கு வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் 3 கோடியே 90 இலட்சத்தைத் தாண்டின, அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. புதிதாக வாங்கியவர்கள் எல்லோருக்கும் கைத்துப்பாக்கி ரவையும் .223 அளவு ரவையும் வேண்டியிருந்தது. அதே வருடம்தான் றெமிங்ரன் நிறுவனம் திவாலாகி, அதன் ரவைத் தொழிலை விஸ்ரா அவுட்டோர் வாங்கியது. பெடரல், சீ.சீ.ஐ. என்ற ரவை நிறுவனங்களும் ஏற்கெனவே விஸ்ராவிடம் இருந்தன. ஆகவே வட அமெரிக்காவில் பிரைமர், அதாவது ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி, செய்கிற நான்கு பெரிய பெயர்களில் வின்செஸ்ரர் தவிர்ந்த மூன்றும் ஒரே கைக்குள் போயின. 2024 நவம்பரில் அவை மொத்தமாகச் செக் நாட்டுக் குழுமம் ஒன்றுக்குக் கைமாறின. இடையில் 2022இல் உக்ரேன் போர். பீரங்கிக் குண்டுக்கும் வேட்டை ரவைக்கும் அடிப்படை மருந்து ஒன்றுதான், பஞ்சிலிருந்து எடுக்கிற நைத்திரோ செலுலோஸ். பீரங்கி கேட்கும்போது மான் வேட்டைக்காரன் வரிசையில் கடைசி ஆள். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இத்தனைக்கும் நடுவில் 2021இல் 6.8 வெஸ்ரேர்ன் வந்தது. 2022இல் 7 பீ.ஆர்.சி. வந்தது. புது அளவுகள், புது அச்சுகள், புதுப் பெட்டிகள், புது விளம்பரங்கள். பிரைமர் இல்லை என்று நீங்கள் சொன்ன அதே மாதங்களில் கடைத் தட்டில் அவை இருந்தன. அவற்றோடு எனக்குப் பகை இல்லை, நல்ல ரவைகள்தான். எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்று. இன்னும் பிறக்காத துவக்குக்கு இயந்திரத்தில் நேரம் ஒதுக்க முடியுமென்றால், 9 இலட்சம் செய்து விற்ற துவக்குக்கு வருடத்தில் சில நாள் ஒதுக்க ஏன் முடியாது?

.303 இலேசான அளவு இல்லை என்பதும் தெரியும். பிரித்தானியப் படை அதை ஏற்றது 1888இல். அப்போது நிரப்பியது கரிமருந்து. அதன் கோதின், அதாவது மருந்தை நிரப்புகிற உலோக உறையின், அடியில் சொட்கன் தோட்டாவுக்கு இருப்பதுபோல விளிம்பு இருக்கிறது. எல்லோரும் வாங்குகிற .308இன் கோது இதற்குச் சரிவராது. சன்னமும் சரிவராது. .308இன் சன்னம் 0.308 அங்குலம், இதற்கு 0.311 அல்லது 0.312 வேண்டும். மூன்று நான்கு ஆயிரத்திலொரு அங்குலம், ஒரு தலைமயிரின் தடிப்பு. அந்த மயிரளவு வித்தியாசத்தால் உங்கள் ஆலையில் அச்சு, சன்னம், கோது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு இயந்திரத்தை நிறுத்தி மாற்றி ஓடவிடுவது காசு. ஆகவே கொஞ்சம் கூடுதலாக விலை போடுங்கள், தருகிறோம். எங்களைக் கொல்வது விலையை விட, எப்போது வரும் என்றே தெரியாத நிலைமை. கடைக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. அவருக்கு அனுப்புகிறவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த ரவை கனடாவிலேயே செய்யப்பட்டது. கியூபெக் மாகாணத்துப் பிரவுன்ஸ்பேர்க்கில் டொமினியன் என்ற பெயரில், பிறகு சீ.ஐ.எல். என்ற பெயரில். பெரியவரின் நிலக்கீழ் அறையில் அந்தப் பழைய பெட்டிகள் ஆணி போடுகிற பெட்டிகளாக இருந்தன. அந்த வேட்டை ரவைத் தொழில் நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு கிரேக்கத்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் இராணுவக் கையிருப்பு மலிவாக வந்துகொண்டிருந்தது, பழகுவதற்கு அது போதுமாக இருந்தது. அதுவும் வற்றிவிட்டது. இப்போது நாங்கள் முழுக்க முழுக்க உங்கள் கையில்.

எங்களைவிட உங்கள் கையை நம்பியிருக்கிறவர்கள் வடக்கே இருக்கிறார்கள். கனடிய ரேஞ்சர்ஸ் படையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு மேற்சட்டை போட்ட பகுதிநேரப் படையினர், பலர் பழங்குடிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 1947இல் அந்தப் படை தொடங்கிய காலத்திலிருந்து எழுபது வருடமாக அவர்கள் தோளில் இருந்தது லீ-என்பீல்ட். கையுறையோடு இயக்கலாம், உறைபனியிலும் போல்ட், அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு, இறுகாது. உதிரிப்பாகம் கிடைக்காமல் போனதால் 2018 முதல் அரசு அதை மாற்றி .308 சுடும் சீ19 துவக்கைக் கொடுத்தது. அப்போது ஒரு நல்ல காரியமும் செய்தது. உரிய அனுமதி உள்ள ரேஞ்சர்கள் விரும்பினால் தங்கள் பழைய லீ-என்பீல்டைப் பரிசாகத் தங்களோடே வைத்திருக்கலாம் என்றது. நல்ல மனசோடு கொடுத்த பரிசுதான். ஆனால் துவக்கைப் பரிசாகப் பெற்றவர் இனி ரவையைத் தன் காசில் கடையில் வாங்க வேண்டும். ஒரு கோழியின் விலை எங்களைத் திகைக்க வைக்கிற கிராமங்கள் அவை. அங்கே கரிபூ மானும் கடல்நாயும் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது, அன்றாடச் சாப்பாடு. 2020இலிருந்து வடக்கின் வேட்டைக்காரர்களுக்கு அரசு ஒரு உதவித்தொகைத் திட்டமும் வைத்திருக்கிறது. ஆனால் கடையில் பெட்டியே இல்லையென்றால் உதவித்தொகை என்ன செய்யும்?

எங்கள் சனத்துக்கும் இந்த அளவு புதிது கிடையாது. 'திறீ நொட் திறீ' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், இலங்கையில் பொலிஸ்காரர் தோளில் தொங்கியது அதுதான். என்னோடு வருகிற நண்பர் ஒருவரிடம் இருப்பது சவேஜ் 99, .300 சவேஜ் சுடுவது. இன்னொருவரிடம் வின்செஸ்ரர் 94, ஆனால் .30-30 இல்லை, .32 ஸ்பெஷல். அவர்கள் என்னிடம் வந்து .303க்காரன் நீ குறை சொல்லாதே என்கிறார்கள். நியாயம்தான். .32 ஸ்பெஷலைக் கடையில் கண்டு நண்பருக்கு மூன்று வருடம் ஆகிறது.

தட்டுப்பாடு வந்தால் சனம் என்ன செய்யும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். யாராவது காலமானால் வீட்டுச் சாமான்களை விற்பார்கள். அங்கே பேணிக்குள் உதிரியாகக் கிடக்கும் ரவைகளை வாங்குவார்கள். ஒருமுறை எனக்கு அப்படி வந்த பேணியில் பாதி .303 பிரிட்டிஷ், மிச்சம் .303 சவேஜ். பெயர் ஒன்று, ரவை வேறு, ஒன்றுக்கொன்று மாற்றிப் போடவே கூடாது. கோதின் அடியில் உள்ள எழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பிரித்தேன். என் அளவுக்குப் பொறுமை எல்லோருக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். போர்க்காலத்து ரவையில் இன்னொரு வினை, அதன் பிரைமரில் உப்பு. சுட்ட அன்றே கொதிநீர் விட்டுக் குழலைக் கழுவாவிட்டால் சில நாளில் உள்ளே துருக் குழி விழும். எண்பது வருடம் தப்பி வந்த குழல்கள் இப்படிப் போகின்றன.

சுட்ட கோதைத் திரும்ப நிரப்புகிற மீள் நிரப்பல் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்கிறேன். அதையும் பெரியவர்தான் பழக்கினார். ஆனால் லீ-என்பீல்டில் ரவை போய் இருக்கிற அறை கொஞ்சம் தாராளமானது, சுடச்சுடக் கோது அடிப்பக்கத்தில் நீண்டு மெலியும். ஒரு கடதாசிக் கவ்வியை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கோதின் உட்சுவரில் மெல்ல மேலே இழுத்துப் பார்ப்பேன். சுவர் மெலிந்த இடத்தில் கம்பி நுனி ஒரு சின்னப் பள்ளத்தில் இடறும். இடறினால் அந்தக் கோது குப்பைக்கு, அடுத்த சூட்டில் அது இரண்டாக அறுந்துவிடும். இப்படி ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினைந்து போய்விடும். புதுக் கோது வேண்டும். கிடைப்பதில்லை. 2021இல் பிரைமர் ஆளுக்கு நூறு என்று அளந்து கொடுத்தார்கள். 0.311 சன்னத்துக்கு எட்டு மாதம் காத்திருந்தேன். நீங்கள் முழு ரவை செய்ய நேரமில்லை என்றால், வெறும் கோதையும் சன்னத்தையும் மட்டுமாவது ஒழுங்காகக் கொடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நிலக்கீழ் அறைகளில் அதற்கென்று உட்கார ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கக்கூடாது. 2020இல் தட்டில் இருந்ததை வழித்து அள்ளிக்கொண்டு போனவர்களில் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர். வருடத்துக்கு ஆறு ரவை சுடுகிறவர் இருபது பெட்டி வாங்கி வைத்தார். அந்தப் பெட்டிகள் இன்னும் நிலக்கீழ் அறைகளில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அடுத்த தடவை எப்போது வரும் என்று தெரியாதபோது மனிசன் பதுக்கத்தான் செய்வான், ஊரில் மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புரட்டாதியில் வரும் என்று ஆட்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் இவ்வளவு அள்ள மாட்டார்கள். இதனால்தான் தொடக்கத்திலேயே திகதியைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை போதும். இந்த வருடம் .303 வைகாசியில், .300 சவேஜ் ஆனியில், .32 ஸ்பெஷல் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம். இல்லை என்றாலும் இல்லை என்று சொல்லுங்கள். கடைக்காரர் அதைப் பார்த்து எங்களிடம் முற்பணம் வாங்கலாம், நீங்களும் விற்காமல் தேங்கும் என்று பயப்படத் தேவையில்லை. நான் கேட்டுப் பார்த்த மூன்று கடைக்காரர்களும் இதற்குச் சரி என்றார்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஒரு பழைய அளவுக்கு ஒரு வகை ரவை போதும். 150, 174, 180, 215 என்று நான்கு வகை வேண்டாம். ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே வருடா வருடம் மாற்றாமல் செய்யுங்கள். அதே சன்னம், அதே வேகம். அப்போது போன வருடம் பார்த்த குறி இந்த வருடமும் பிழைக்காது. பளபளக்கும் பெட்டியும் வேண்டாம், மண்ணிறக் கடதாசிப் பெட்டியில் போட்டுத் தந்தாலும் வாங்குவோம்.

புதுத் துவக்கு வாங்குங்களேன் என்று ஒரு கடையில் ஒரு இளைஞர் என்னிடம் சொன்னார். நல்ல பிள்ளை, உதவி செய்யத்தான் சொன்னார். காசு இருக்கிறது, .308இல் ஒன்று வாங்கலாம். என் நண்பர்களில் ஒருவர் அப்படி மாறியும்விட்டார். ஆனால் இந்தத் துவக்கின் மரத்தில், கன்னம் வைக்கிற இடத்தில், பெரியவரின் முகம் ஐம்பது வருடம் பட்டுப் பட்டு ஒரு பளபளப்பு இருக்கிறது. போல்ட் பிடியில் கறுப்புப் பூச்சு போய் வெறும் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது. இரும்பில் ஒரு பழுதும் இல்லை, குழல் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது. பழுதில்லாத ஒரு கருவியை ரவை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சுவரில் மாட்டி வைக்க எனக்கு மனம் இல்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னது, அதைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றுதான்.

இன்று என் பெட்டகத்தில் இருப்பது முப்பத்தேழு ரவை. பன்னிரண்டு கடையில் வாங்கிய 180 கிரெய்ன். மிச்சம் இருபத்தைந்தும் நான் நிரப்பியவை, அதிலும் இரண்டு விதமான சன்னம். அந்த முப்பத்தேழில் ஒரே மாதிரியான இருபதை என்னால் எடுக்க முடியவில்லை. நேற்று இரவு மேசையில் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மகளுக்கு இப்போது பதினைந்து வயது. பாதுகாப்பு வகுப்பு முடித்து, சிறுவருக்கான அனுமதி அட்டையும் எடுத்துவிட்டாள். இந்த வருடம் என்னோடு வரப்போகிறேன் என்கிறாள். பெரியவரின் சட்டத்தை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், கடதாசித் தட்டுகளும் வாங்கி வைத்தாயிற்று. ஆவணிக்குள் அவளுக்கு இருபது ரவை வேண்டும், ஒரே பெட்டியிலிருந்து.

அன்புடன்,
சட்பரியிலிருந்து ஒரு .303காரன்